பிண்ணாக்கின் நஞ்சும் கண்காணா உழைப்பாளரும்

திருகோணமலையிலே எண்ணெய் என்ற சொல்லை உச்சரித்தால் எவர் மனத்திலும் முதலில் எழுவன சீனக்குடாத் தாங்கிகளே. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்காகக் காட்டை வெட்டி நிறுவிய இரும்புப் பூதங்கள் அவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒன்று தீக்கிரையாயிற்று. 99 எஞ்சி நின்றன. அவை யாருக்கு உரியவை என்பது பற்றி ஒப்பந்தங்களும் எதிர்ப்புகளும் அடுத்தடுத்து வந்ததை வாசகர்கள் அறிவர். இக்கட்டுரை அந்த எண்ணெயைப் பற்றியதன்று. வித்திலிருந்து பிழியப்படும் எண்ணெயைப் பற்றியது. இன்னும் திட்டமாகச் சொன்னால், எண்ணெய் வடிந்த பின்னர் செக்கிலே எஞ்சிக் கிடக்கும் பிண்ணாக்கைப் பற்றியது. இரண்டு எண்ணெய்களின் கதையும் ஓரிடத்தில் வந்து சந்திப்பதைப் பின்னர் காண்போம்.

“உனக்கு ஒரு புண்ணாக்கும் தெரியாது” என்று வசை கூறுவது நம்மவர் வழக்கம். வகுப்பறையிலே நானும் ஒருநாள் அவ்வாறு கூறிவிட்டேன். கூறப்பட்டவன் தம்பலகாமப் பக்கத்திலிருந்து வரும் மாணவன். மாடு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளை. அவன் கோபிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை பழைய பத்திரிகைத் தாளிலே கருமை கலந்த கபிலக் கட்டி ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான்.

“சேர், இது இலுப்பைப் புண்ணாக்கு. மன்னாரில அம்மம்மா வீட்டிலயிருந்து கொண்டந்தது. தலைக்கு வைச்சு முழுகலாமாம். மாட்டுக்குக் குடுக்கக் கூடாதாம். குளத்தில போட்டா மீன் செத்து மிதக்குமாம். பிறகு அதே குளத்துத் தண்ணி பயிருக்கு நல்லதாம். அது எப்பிடி சேர்?”

தமிழ் படித்துப் பட்டம் பெற்று, தமிழும் வரலாறும் கற்பிக்கும் எனக்கு உண்மையிலேயே ஒரு புண்ணாக்கும் தெரியாது என்பது அப்போதுதான் புலனாயிற்று. அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது இரசாயனத்தோடு நிற்கவில்லை. வணிகத்துக்கும் ஆட்சிக்கும் உழைப்புக்கும் இட்டுச் சென்றது. அவ்வழியே நான் கண்டவற்றைத்தான் இங்கு எழுதுகிறேன்.

வித்து என்பது தாவரம் தன் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு. கொழுப்பும் புரதமும் நிறைந்த அந்தச் சோற்றைப் பூச்சியும் பறவையும் விலங்கும் பறித்துவிடாதபடி, பல தாவரங்கள் அதனுள்ளே காவலாக நஞ்சையும் வைத்துவிடுகின்றன. ஆமணக்கிலே ரைசின், பருத்தி விதையிலே கொசிப்போல், கடுகினத்திலே கழுத்துச் சுரப்பியின் வேலையைக் குழப்பும் காரப் பொருள்கள், ஆளி விதையிலும் இறப்பர் விதையிலும் சயனைட்டை விடுவிக்கும் சேர்வைகள். உலகமே விரும்பி வாங்கும் சோயாவிலும் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் உண்டு. ஆலைகள் வெப்பமூட்டி அதனை அடக்குகின்றன. தேங்காயும் எள்ளும் இவ்வகையிலே சாதுக்கள் எனலாம். இந்நஞ்சுகளிற் பெரும்பாலானவை எண்ணெயோடு வெளியேறுவதில்லை. புரதத்தோடு சேர்ந்து பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. ஆதலின் எண்ணெயைப் பெற்றவனுக்கு இன்பமும் பிண்ணாக்கைப் பெற்றவனுக்கு ஐயமும் எஞ்சின. எண்ணெய் யாரிடம் போயிற்று, பிண்ணாக்கு யாரிடம் போயிற்று என்று கேட்பது அப்போதே வரலாற்று வினாவாகிவிடுகிறது.

இலுப்பைக்கு வருவோம். இலுப்பைக்குளம் என்று பெயர் தாங்கிய ஊர் எங்கள் மாவட்டத்திலும் உண்டு. மன்னார்ப் பக்கத்திலே இலுப்பைக்கடவை உண்டு. வறண்ட நிலத்தில் மனிதன் குளம் கட்டிக் குடியேறிய இடமெல்லாம் இம்மரம் அவனுக்குத் துணை நின்றது. “ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை” என்ற பழமொழி ஏளனமாகப் பிறந்திருக்கலாம். ஆனால் கரும்பாலை இல்லாத ஊரார் அந்தப் பூவை உலர்த்திப் பசி தணித்தனர் என்பது ஏளனத்துக்குரிய செய்தியன்று. வித்தின் பருப்பிலே ஏறக்குறையச் சரிபாதி கொழுப்பு. மண்ணெண்ணெய் வருமுன்னர் வீட்டு விளக்கும் கோயில் விளக்கும் பெரும்பாலும் இதனாலேயே எரிந்தன. பெண்களும் சிறுவர்களும் மரத்தடியிலே பொறுக்கிய வித்து செக்குக்குப் போயிற்று. எண்ணெய் விளக்குக்குப் போயிற்று. பிண்ணாக்கு வீட்டுக்குத் திரும்பிற்று.

வீட்டுக்குத் திரும்பிய பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல், இரவு முழுதும் நீரிலே ஊறவைத்துத் தலையில் தேய்த்து முழுகினார்கள். சவர்க்காரம் கடைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே நம் பெண்கள் கண்டறிந்த சவர்க்காரம் அது. அந்நீர் நுரைக்கக் காரணமான பொருளுக்குச் சபோனின் என்பது விஞ்ஞானப் பெயர்; சவர்க்காரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலுப்பைப் பிண்ணாக்கிலே நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை இப்பொருள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துத் தலைமயிரைத் தூய்மையாக்கும் அதே குணந்தான் மீனைக் கொல்லும் குணமும் ஆகிறது. மீனின் பூவில் வழியாக இரத்தத்துட் புகும் சபோனின், செங்குருதிக் கலங்களின் கொழுப்புச் சுவரைக் குலைத்து அவற்றை உடைத்துவிடுகிறது. மீன் மூச்சு முட்டி மேலே மிதக்கிறது. மனிதன் அம்மீனை உண்டால் கேடில்லை. குடல் வழியே அந்நஞ்சு இரத்தத்தில் எளிதில் ஏறுவதில்லை. இந்தியாவின் காட்டுக் குடிகளும் நாட்டுப்புற மக்களும் இதனை எந்த ஆய்வுகூடமும் இன்றி அறிந்திருந்தனர்.

(இதைப் படித்துவிட்டு எவரும் குளத்தில் இறங்க வேண்டாம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் நீரிலே நஞ்சிட்டு மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. பொதுக் குளத்துக்கு அத்தடை முற்றிலும் நியாயமானதே.)

விடுதலை பெற்ற இந்தியாவிலே மீன் வளர்ப்பைப் பெருக்க முயன்றபோது, பழைய கிராமத்து அறிவு அளவுகோலோடு மீண்டும் அரங்கேறிற்று. கெண்டைக் குஞ்சுகளை விடுமுன் குளத்திலுள்ள விரால் முதலிய கொன்றுண்ணி மீன்களை ஒழித்தாக வேண்டும். ஒரு ஹெக்டேயர் பரப்பும் ஒரு மீற்றர் ஆழமும் உள்ள நீருக்கு 2,500 கிலோகிராம் இலுப்பைப் பிண்ணாக்கு என்பது மீன்துறையினர் வகுத்த அளவு. சில மணி நேரத்திலே மீன்கள் மிதக்கும். அதன் பின்னர்தான் வியப்பு. இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால் நீரின் நஞ்சு நீங்கிவிடுகிறது. நஞ்சு நீங்குவதோடு நில்லாமல் அப்பிண்ணாக்கே குளத்துக்கு எருவாகிறது. எருவினால் பாசியும் நுண்ணுயிரும் பெருகுகின்றன. அவற்றை உண்டு புதிய மீன்குஞ்சு வளர்கிறது. என் மாணவனின் அம்மம்மா சொன்னதும் இதுவே.

நஞ்சை நீக்கியவர் யார்? குளத்துச் சேற்றிலும் நீரிலும் வாழும் பற்றீரியாக்களும் பங்கசுக்களுமே. சபோனின் மூலக்கூறு இரு பகுதிகளால் ஆனது. ஒன்று கொழுப்பை நாடும் தலை. மற்றது நீரை நாடும் சர்க்கரைச் சங்கிலி. இரண்டும் சேர்ந்திருக்கும்வரை அது நுரைக்கும், உயிர்க்கலத்தைத் துளைக்கும். நுண்ணுயிர்கள் தம்மிடமுள்ள நொதியங்களால் சர்க்கரையை ஒவ்வொரு கண்ணியாக நறுக்கி உண்கின்றன. சங்கிலி அறுந்தபின் எஞ்சும் தலைக்கு நுரைக்கும் ஆற்றலும் இல்லை, கொல்லும் ஆற்றலும் மிகக் குறைவு. அதையும் நாளடைவிலே வேறு நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. மனிதனுக்கு உதவுவது அவற்றின் நோக்கமன்று. பசியே அவற்றை உழைக்க வைக்கிறது. ஆயினும் அந்த உழைப்புக்கு மூன்று வேண்டும்: நீர், வெதுவெதுப்பு, காலம். இவற்றுள் காலத்தைப் பற்றியே நான் மேலும் பேச விரும்புகிறேன். வணிகம் ஒருபோதும் கொடுக்க விரும்பாதது அதுதான்.

ஏகாதிபத்தியம் இலுப்பையை எவ்வாறு கண்டது என்பதை நோக்குவோம். வட இந்திய இலுப்பையும் நம் இலுப்பையும் நெருங்கிய உறவின. ஒரே இனத்தின் இரு வகைகளாகவே பலர் கொள்வர். 1892ஆம் ஆண்டு பம்பாய் அரசாங்கம் மௌரா சட்டம் என ஒன்றை இயற்றி, தாணா, கொலாபா மாவட்டங்களிலே இலுப்பைப் பூவைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் தடுத்தது. பூவிலிருந்து மக்கள் தாமே சாராயம் வடித்தால் அரசின் கலால் வருமானம் குறையும் என்பதே காரணம். பஞ்சத்திலே உணவாகிய பூ குற்றப் பொருளாயிற்று! வித்துக்கோ வேறு நியாயம். அதற்குத் தடையில்லை, கப்பல் இருந்தது. முதல் உலகப் போருக்கு முன்னர் இந்திய இலுப்பை வித்தின் ஏற்றுமதியிலே பெரும்பகுதி ஜேர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் சென்றது. அங்கே ஆலைகள் அதைப் பிழிந்து சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்தன. செக்கு இங்கே ஓய்ந்தது. எண்ணெயோடு பிண்ணாக்கும் கடல் கடந்தது.

கடல் கடந்த பிண்ணாக்கு என்ன ஆயிற்று? மாட்டுக்குக் கொடுக்க அஞ்சினர். ஆயினும் ஒரு பயன் கிடைத்தது. பிரித்தானியக் கனவான்கள் கொல்ப் விளையாடும் புற்றரைகளிலே மண்புழுக்கள் மண்ணை மேலே தள்ளிப் பந்தின் ஓட்டத்தைக் கெடுத்தன. இலுப்பைப் பிண்ணாக்குத் தூளைத் தூவி நீர் தெளித்தால் புழுக்கள் மேலே வந்து மடியும், வாரித் தள்ளிவிடலாம். “மௌரா மீல்” என்ற பெயரிலே அது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கு பெரிதும் விற்பனையாயிற்று. காட்டுப் பெண் கைநோகப் பொறுக்கிய வித்து, கனவானின் பந்து நேராக உருளுவதற்குப் பயன்பட்டது. இதிலே நான் சேர்த்துச் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அதற்குப் பின் நடந்தது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் குளோர்டேன் என்ற செயற்கை நச்சு அதே புற்றரைகளிலே இலுப்பையின் இடத்தைப் பிடித்தது. அதன் சிறப்பாக விற்பனையாளர் கூறியது, ஒருமுறை இட்டால் ஆண்டுக்கணக்கிலே நிற்கும் என்பதே. இலுப்பையின் நஞ்சு வாரங்களிலே மறைவது குறையாகவும், குளோர்டேன் மறையாதிருப்பது நிறைவாகவும் எண்ணப்பட்டன. ஏன் மறையவில்லை? சபோனினை மண்ணின் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சந்தித்து வந்துள்ளன. அதனை உண்ணும் வழி அவற்றுக்குத் தெரியும். குளோரீனைச் சுமந்து தொழிற்சாலையிலே பிறந்த புதிய மூலக்கூற்றை அவை அறியா. 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, உலகம் கைவிட வேண்டிய நெடுங்கால நச்சுகளின் முதற்பட்டியலிலேயே குளோர்டேனைச் சேர்த்தது. நிலைத்து நிற்பது சிறப்பன்று, பேராபத்து என்பதை ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு சென்றது.

பிண்ணாக்கை உண்ணும் மாட்டிடம் இனி வருவோம். தேங்காய்ப் பிண்ணாக்கு இலங்கையிலிருந்து ஐரோப்பியப் பால்மாடுகளுக்குக் கப்பலேறிய பொருள். இந்நாட்டு ஆங்கிலத்திலே அதற்குப் “பூனாக்” என்றே பெயர் நிலைத்தது. நம் சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். மாட்டின் முதல் இரைப்பை உண்மையிலே ஒரு நொதித் தொட்டி. அங்கே வாழும் கணக்கற்ற நுண்ணுயிர்கள் வைக்கோலைச் சிதைப்பது மட்டுமன்றி, தாவர நஞ்சுகள் பலவற்றையும் குடலுக்குச் செல்லுமுன்னரே முறித்துவிடுகின்றன. கோழிக்கு ஆகாத பருத்திப் பிண்ணாக்கை வளர்ந்த மாடு ஓரளவு தாங்குவது இதனாலேயே. கன்றுக்கு அந்தத் தொட்டி இன்னும் அமையவில்லை. ஆதலால் அதற்குத் தாங்காது.

எல்லா மாட்டின் தொட்டியும் ஒன்றன்று. இதற்குச் சான்று பிண்ணாக்கிலன்றி இலையிலே கிடைத்தது, ஆயினும் பொருத்தமுடையது. எங்கள் பகுதியில் ஆட்டுக்கு ஒடித்துப் போடும் இப்பில்-இப்பில் இலையிலே மிமோசின் என்ற நஞ்சு உண்டு. அவுஸ்திரேலியாவில் அதை மிகுதியாகத் தின்ற கால்நடைகளுக்கு மயிர் உதிர்ந்தது, கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதே இலையைத் தின்று நலமாக இருந்தன. றேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானி இந்த வேற்றுமையைக் கண்டு, காரணம் ஆட்டில் இல்லை, ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிரில் இருக்கிறது என்று கருதினார். 1980களிலே ஹவாய் ஆடுகளின் இரைப்பை நுண்ணுயிரை அவுஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றியபோது அவையும் நஞ்சினின்று தப்பின. அந்தப் பற்றீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே இணைத்துச் சினேர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை எனப் பெயரிட்டனர். ஓர் ஊர் ஆட்டின் வயிற்றிலே இருந்த கல்வி மறு ஊர் ஆட்டுக்குக் கிடைத்தது என்று என் மாணவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள், மறக்கவில்லை.

நுண்ணுயிரைப் போற்றிக்கொண்டே போனால் அது பொய்யாகிவிடும். ஜாவாத் தீவின் கதையையும் கூற வேண்டும். மேற்கு ஜாவா மக்கள் எண்ணெய் எடுத்த கச்சான் பிண்ணாக்கிலே செம்மஞ்சள் நிறப் பூஞ்சணத்தை வளர்த்து ஒன்சொம் என்ற உணவாக்கினர். சமிபாடு எளிதாயிற்று, வறியவர்க்குப் புரதம் கிடைத்தது. மத்திய ஜாவாவிலே தேங்காய்ப் பிண்ணாக்கை அவ்வாறே நொதிக்க வைத்து உண்டனர். தெம்பே பொங்க்ரெக் என்பது அதன் பெயர். பூஞ்சணம் விரைந்து படர்ந்தால் நல்லது. படரத் தாமதித்தால் வேறொரு பற்றீரியா இடம் பிடித்துக் கொடிய நஞ்சைச் சுரந்துவிடும். காரணத்தை 1930களிலே டச்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பின்னரும் பல பத்தாண்டுகளுக்குச் சாவுகள் நிற்கவில்லை, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1988இல் இந்தோனேசிய அரசு அதனைத் தடை செய்தது. சாதுவான தேங்காய்ப் பிண்ணாக்கே கொலைகாரப் பிண்ணாக்காயிற்று. நஞ்சை முறிப்பதும் நஞ்சை ஆக்குவதும் ஒரே கண்காணா உலகந்தான். எது முந்துகிறது என்பதே கேள்வி. பாட்டிமாரின் கைப்பக்குவம் பெரும் அறிவு. ஆயினும் அதற்குப் பக்கத்திலே நுணுக்குக்காட்டியும் வேண்டும். அந்த நுணுக்குக்காட்டி வறியவன் சட்டியருகே ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று கேட்கவும் வேண்டும்.

இப்போது இரண்டு எண்ணெய்களும் சந்திக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே பெற்றோலிய விலை ஏறிற்று. சீனக்குடாத் தாங்கிகளை நிரப்பும் எண்ணெய்க்கு மாற்றாக, எங்கள் வேலிகளிலே நிற்கும் காட்டாமணக்கின் எண்ணெயை உலகம் தேடத் தொடங்கிற்று. ஆடு மாடு கடிக்காது என்பதாலேயே வேலிக்கு நட்ட செடி அது. கடிக்காமைக்குக் காரணம் அதன் நஞ்சு. இந்தியத் திட்டக் குழுவின் அறிக்கை 2003ஆம் ஆண்டில் டீசலிலே ஐந்திலொரு பங்கைத் தாவர எண்ணெயாக்க 1 கோடி 12 இலட்சம் ஹெக்டேயரில் காட்டாமணக்கு வேண்டும் எனக் கணக்கிட்டது. தரிசு நிலம் பொன் விளைக்கும் என்றனர். தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, பல உழவர்கள் செடியைப் பிடுங்கியோ கைவிட்டோ விட்டனர் என்பது அதன் முடிவு. தரிசு என்று அதிகாரி எழுதிய நிலம் ஏழையின் மேய்ச்சல் நிலமாக இருந்தது என்பதை உழவர்கள் முன்னரே அறிவர்.

காட்டாமணக்கு வித்திலே எண்ணெய் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. எஞ்சும் பிண்ணாக்கு புரதம் செறிந்தது. ஆனால் போர்போல் எஸ்ரர் என்ற நஞ்சு அதனை எவ்விலங்குக்கும் ஆகாததாக்கிவிட்டது. வெப்பமூட்டினாலும் அது எளிதிலே அழிவதில்லை. இங்கேதான் பழைய குளத்துப் பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது. டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையிலே, சூடோமோனாஸ் இனப் பற்றீரியா ஒன்றை ஈரப் பிண்ணாக்கிலே வளர்த்தபோது ஒன்பது நாளில் அந்நஞ்சு முற்றாகச் சிதைந்ததைக் காட்டினர். அரிய செய்தி. ஆனால் அந்த இனமோ மனிதரின் புண்களிலே நோய் விளைக்கக்கூடியது. அதனைத் தீவனத்திலே எவர் கலப்பர்? பிரேசிலிலே சிப்பிக்காளானை அப்பிண்ணாக்கில் வளர்த்து நஞ்சைக் குறைத்தனர். கிராமத்துக்கு இதுவே அதிகம் பொருந்தும் வழி என எனக்குத் தோன்றுகிறது. மெக்சிக்கோவின் பப்பந்த்லாப் பகுதியிலே நஞ்சு ஏறக்குறைய இல்லாத காட்டாமணக்கு வகையே உண்டு. மக்கள் வித்தை வறுத்துத் தின்கிறார்கள். இத்தனை அறிவும் வந்து சேருமுன் பெற்றோலிய விலை இறங்கிவிட்டது. முதலீடு வேறு பக்கம் போய்விட்டது. முதலுக்கு வேண்டியிருந்தது எண்ணெய். பிண்ணாக்கு அதன் கணக்கிலே கழிவு. மாடு வைத்திருப்பவன் கணக்கிலோ அதுதான் பொருள்.

இவை தொலைவிலுள்ளாரின் செய்திகள் எனக் கருதுவோர் 2021ஆம் ஆண்டை நினைத்துக்கொள்வாராக. அவ்வாண்டு மே மாதத்திலே இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. உழவன் இனிச் சேதன உரமே இட வேண்டும் என்பது கட்டளை. சேதன உரம் தவறான கொள்கையன்று. என் மதிப்பிலே நல்ல கொள்கை. ஆனால் பிண்ணாக்கும் குழையும் சாணமும் மண்ணில் வீழ்ந்தவுடன் நெல்லுக்கு உணவாகிவிடுவதில்லை. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துத் தர வேண்டும். அவை வர்த்தமானிக்குக் கீழ்ப்படிவனவல்ல. ஆண்டுக்கணக்கிலே ஆயத்தம் செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரே போகத்திலே திணித்தனர். நவம்பரிலே தடை விலக்கப்பட்டது. அதற்குள் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நட்டம் உழவனுடையதாகிவிட்டது. மறு ஆண்டு டொலர் வற்றியபோது, இறக்குமதித் தீவனத்தை நம்பிய கோழிப் பண்ணைகள் பல மூடப்பட்டன. முட்டை வறியவர் வீட்டை விட்டுப் போயிற்று. எத்தனையோ இறப்பர் விதையும் வேப்பம் விதையும் இலுப்பை விதையும் இந்நாட்டு மண்ணிலே வீணே மக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது.

என் மாணவனின் கட்டிக்குத் திரும்புகிறேன். எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியையிடம் அதைக் காட்டியபோது, “சொல்லிக் குடுக்கிறதைவிடச் செய்து பாப்பம்” என்றார். பிண்ணாக்கைத் தூளாக்கி மூன்று கண்ணாடிப் போத்தல்களிலே சம அளவிட்டோம். ஒன்றிலே கிணற்று நீர். மற்றதிலே அதே நீரோடு குளத்துச் சேறு ஒரு கரண்டி. மூன்றாவதை நன்கு கொதிக்கவைத்து, காற்றுப் புகாதபடி மூடி மெழுகிட்டோம். மூன்று நாளுக்கொருமுறை குலுக்கி, எழும் நுரையின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து கொப்பியிலே குறிப்பது மாணவரின் வேலை. கற்றறிந்த இரசாயனவியலாளர் இதனைச் சோதனை என ஏற்க மாட்டார். நுரை ஒன்றே சபோனினுக்குச் சான்றாகாது என்பதை ஆசிரியையும் முதலிலேயே சொல்லிவைத்தார்.

முதல் நாள் மூன்றும் ஒன்றுபோல் நுரைத்தன. இரண்டாம் வாரத்திலே சேறு கலந்த போத்தலின் நாற்றம் தாழ்வாரத்தைத் தாண்டிற்று. பக்கத்து வகுப்பு ஆசிரியர் முறையிட்டதால் அதைப் பூவரச மரத்தடிக்கு மாற்றினோம். மூன்றாம் வாரம் அதைக் குலுக்கியபோது சில குமிழிகள் எழுந்து உடனே உடைந்தன. கிணற்று நீர்ப் போத்தல் மெதுவாக அதன் பின்னே சென்றுகொண்டிருந்தது. கொதித்து மூடிய போத்தல் முதல் நாள் போலவே நுரைத்தது.

“அப்ப சேறுதான் கெட்டிக்காரன் சேர்” என்றான் பையன். சேற்றுப் போத்தலை அம்மாவின் கத்தரிப் பாத்திக்கு ஊற்றப்போவதாகச் சொல்லிக் கொண்டுபோய்விட்டான். மெழுகிட்ட போத்தல் ஆய்வுகூட அலுமாரியின் மேல்தட்டிலே இருக்கிறது. புதிதாக வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறார்கள். இன்னும் நுரைக்கிறது.